மேல் கொட்டை ஐந்தான கதை

அந்தக் காலத்தில், குரங்குகள் பேசவும் சட்டம் போடவும் பழகியிருந்தபோது, ஆற்றங்கரை மருத மரத்தில் ஒரு கூட்டம் வாழ்ந்தது. எண்ணும்போது இரண்டு கையாலும் சொந்த வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். விரலால் எண்ணுவது அவமானம். ஒன்பது வரை வாயால் எண்ணத் தெரியாதவள் தன் குட்டியைச் சுமக்கக் கூடாது.

தவிடி என்ற இளம் தாய்க்கு எண்கள் நிற்கவில்லை. ஐந்துக்குப் பிறகு மூன்று வரும்.

"வாயில வாழைப்பழம் நிக்குது, எண் நிக்கலையோ?" என்றான் தலைவன் கருவாலன். கிளை குலுங்கச் சிரித்தார்கள். அவள் குட்டி பொட்டுவைப் பிடுங்கி, ஏற்கெனவே ஒரு குட்டி வைத்திருந்த செம்பியிடம் கொடுத்தார்கள்.

தவிடி அழவில்லை. நாணல் குச்சியில் ஐந்து பூந்திக்கொட்டைகளைக் கோத்தாள். குறுக்கே ஒரு நார்க்கட்டு. கட்டுக்குக் கீழே நான்கு கொட்டை, நான்கு விரல். மேலே ஒன்று, அது முழுக் கை, ஐந்து.

ஆடி வெள்ளம் வந்தது. கொடிப் பாலத்தில் எல்லோரும் அக்கரை சேர்ந்தார்கள். குட்டிகள் நனைந்து தாய்களின் வயிற்றடியில் ஒளிந்திருந்தன. சிறுத்தை பின்னால் வராதிருக்கக் கொடியை அறுப்பது வழக்கம். கூட்டத்தின் ஒன்பது குட்டிகளும் வந்துவிட்டனவா என்று கருவாலன் வாலைப் பிடித்துக்கொண்டு தாய்களைப் பார்த்தே எண்ணினான். செம்பிக்கு எப்போதும்போல இரண்டு.

"ஒன்பது. அறுங்கடா!"

தவிடி ஒவ்வொரு தாயின் வயிற்றையும் தடவி, குட்டி கையில் பட்டால் மட்டும் கொட்டையை நகர்த்தியிருந்தாள்.

"எட்டுதான், பெரியவரே. ஒரு கொட்டை கீழேயே கெடக்கு."

"கொட்டையா எனக்குச் சொல்லிக்கொடுக்கும்? தள்ளிப் போ!"

தவிடி கொடியின் முடிச்சின்மேல் உட்கார்ந்தாள். "அறுக்கணும்னா என்னையும் சேர்த்து அறுங்க."

செம்பி தலை குனிந்தாள். "ரெண்டையும் சுமக்க முடியல. ஒண்ணைப் பொந்துல வச்சுட்டு வந்துட்டேன்."

தவிடி திரும்பிப் போய்ப் பொட்டுவை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் பிறகே கொடி அறுந்தது.

"சரி, குட்டியை நீயே வச்சுக்கோ," என்றான் கருவாலன். "அந்தக் குச்சியை மட்டும் ஆத்துல போடு. பாக்கவே வெட்கமா இருக்கு."

"வெட்கமா இருந்தா உங்க வாலைப் பிடிச்சுக்கோங்க. என் கைக்கு வேலை இருக்கு."

அந்தச் சட்டம் இன்னும் சில வகுப்பறைகளில் இருக்கிறது. வால் இல்லாததால் கையைக் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் அன்று முதல்தான் மணிகளை நகர்த்தி எண்ணும் அபாகஸ் சட்டத்தில் கீழே நான்கு மணியும் மேலே ஐந்துக்கு ஒரு மணியும் நிற்கின்றன; தலையில் நிற்காத எண்ணை விரலால் பிடித்து நிறுத்தும் பிள்ளைகள், யாருக்கும் அந்தக் குச்சியை விட்டுக்கொடுப்பதில்லை.