பச்சைப் பூசணம்

மலைமேல் இருந்த ஆசிரமத்தின் கொடிக்காலில் வெற்றிலைக் கொடிகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. மாலையில் தளதளவென்று நின்ற கொடி, விடியும்போது கழுத்து நெரிபட்டதுபோல் அடியில் கறுத்துத் துவண்டு கிடக்கும். சுற்றிலும் தேங்காய் வாசம். அந்த மலையில் தென்னையே கிடையாது.

சிற்சபேசன் வாசம் பிடித்துக்கொண்டே போனார். நீதிபதியாய் இருந்து, பதவியை உதறிவிட்டுச் சீடராக வந்தவர். குரு பூங்கோதை அம்மை அவரைவிட வயதில் இளையவர்.

செத்த கொடிகளின் அடி மண்ணிலெல்லாம் பச்சையாய் ஒரு பூசணம் திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. வெந்நீர் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு அவர் அம்மையை அழைத்து வந்தார்.

"கொலைகாரனைப் பிடித்துவிட்டேன், தாயே. மண்ணோடு வேகவைத்துவிடலாம்."

"அடையாளம்?"

"பச்சைப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தேங்காய் வாசம். சாவு விழுந்த இடத்திலெல்லாம் இதுதான் இருக்கிறது."

அம்மை குனிந்து, மண்ணைக் கொஞ்சம் விலக்கினார். அடித்தண்டைச் சுற்றி வெள்ளை இழைகள் விசிறிபோல் படர்ந்திருந்தன. நடுவே கடுகு போன்ற பழுப்பு மணிகள்.

"இது யார்?"

சிற்சபேசன் விழித்தார். "இதுவும் அதுதானே?"

அம்மை கையடக்க நுண்ணோக்கி ஒன்றை நீட்டினார். "பொறுமையாகப் பாருங்கள்."

பார்த்தார். வெள்ளை இழை தண்டைத் துளைத்து உள்ளே போயிருந்தது. பச்சைப் பூசணத்தின் இழை கொடியைத் தொடவே இல்லை. அது வெள்ளை இழையைப் பாம்புபோல் சுற்றி இறுக்கியிருந்தது. சுற்றிய இடத்தில் வெள்ளை இழை வெறும் கூடாய்ச் சுருங்கியிருந்தது. மணிகள் சில உள்ளுக்குள் உளுத்து, பச்சை பூத்திருந்தன. அவர் காலடி மண் முழுக்க ஓசையில்லாமல் ஒன்று இன்னொன்றைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒருவன் நினைவுக்கு வந்தான். பிணத்தின் பக்கத்தில், ரத்தக் கையோடு பிடிபட்டவன். "காப்பாத்தத்தான் ஓடினேன் ஐயா" என்று கடைசிவரை சொன்னவன். தூக்குத் தீர்ப்பில் கையெழுத்திட்டவர் சிற்சபேசன்.

பின்னால் அண்டா தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மை எழுந்து போய் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

"தாயே," என்றார் அவர். "இது காக்க வந்தது என்றால், சாவு விழுந்த இடத்தில் மட்டும் ஏன் என் கண்ணில் படுகிறது?"

"அது நேரத்துக்கு வந்து சேர்ந்த இடத்தில் கொடி சாவதில்லை. அங்கே யாரும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதும் இல்லை."