கூத்தபிரான் கொக்கரித்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தலைகுனிவார்கள்.

அவருடைய அரண்மனைக்கு மனவசியம் செய்கிற ஒருவர் வந்தார். நூலில் கட்டிய மோதிரத்தை ஆட்டி மெல்லப் பேசுவார். எதிரில் இருப்பவர் கண் சொக்கி, சொன்னதைச் செய்வார். "இது மந்திரமில்லை மகாராஜா. மனம் இசைந்தவரிடம்தான் பலிக்கும். முடிந்ததும் மறக்காமல் மூன்று எண்ணி எழுப்பிவிட வேண்டும்" என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். மொத்தப் பாடமே மூன்று நாள்தான்.

நான்காம் நாள் ராஜா சபையில் மோதிரத்தை ஆட்டினார். "உறங்குங்கள்! இனி நீங்கள் எல்லோரும் கோழிகள்" என்றார். யாருக்கும் ஒரு கொட்டாவிகூட வரவில்லை. ஆனாலும் தளவாய் மார்த்தாண்டர் "கொக் கொக்" என்று ஆரம்பித்தார். உடனே சபையே கொக்கரித்தது. விகடகவி கூத்தபிரானும்தான். ராஜாவுக்குக் குடை பிடிக்கும் ஆண்டியப்பன் மட்டும், "மன்னிக்கணும் மகாராஜா, எனக்குத் தூக்கமே வரலீங்க" என்றான்.

"என் கலையைப் பொய் என்கிறாயா? இவனைச் சிறையில் தள்ளுங்கள். நாளை உச்சிப்பொழுதில் இருபது கசையடி!"

இழுத்துப் போகும்போது ஆண்டியப்பன் கூத்தபிரானைப் பார்த்தான். கூத்தபிரானோ அப்போது மூக்கால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது. ராஜா போய்விட்டார். கோழிகளும் எழுந்து பந்திக்குப் போயின. கூத்தபிரான் பாதி குடித்த பாயசத்தைக் கீழே வைத்தான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன், ஒரு நல்லவன் அடிபடப்போகும்போது கொக்கரித்தானே! அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை கூத்தபிரான் குந்தியபடியே சபைக்குள் வந்தான். தளவாயின் ஆசனத்தில் ஏறி, அடைகாக்க உட்கார்ந்தான்.

"மகாராஜா, தங்கள் கலையைக் கேலி செய்கிறான்! இவனுக்கும் கசையடி கொடுங்கள்" என்றார் தளவாய். நெடுநாள் பகை அவருக்கு.

"என்ன இது, கூத்தபிரான்?"

"கொக் கொக். மகாராஜா, என்னைக் கோழியாக்கினீர்கள். மூன்று எண்ணி எழுப்பவில்லையே!"

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சபையைச் சுற்றிப் பார்த்தார். "அப்படியானால் உங்களையெல்லாம் யார் எழுப்பியது?"

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "இவனும் நடிக்கிறான் மகாராஜா! நேற்று எங்களோடுதானே பாயசம் குடித்தான்!"

"இவனுமா?" என்றார் ராஜா.

கூத்தபிரான் ஆசனத்திலிருந்து இறங்கினான். "உண்மை மகாராஜா. நான் உறங்கவே இல்லை. பயந்து கொக்கரித்தேன். வெட்கமாக இருக்கிறது. இந்தச் சபையில் தங்களிடம் பொய் சொல்லாதவன் ஒருவன்தான். உச்சிப்பொழுதில் அவனுக்குத்தான் அடி விழப்போகிறது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "கொக்கரித்தவர்களைப் பார்த்து மகிழ்ந்தவன் நான்" என்றார்; முகம் சிறுத்துப் போயிற்று.

ஆண்டியப்பனை அழைத்து வந்தார்கள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டான்.

"வேறு என்ன வேண்டும், ஆண்டியப்பா?" ராஜாவின் குரல் மெல்ல வந்தது.

"ராவெல்லாம் பயத்துல கண்ணே மூடலீங்க மகாராஜா. இப்பத்தான் தூக்கம் வருது."

சொன்னவன் தூணில் சாய்ந்தான். அப்படியே குறட்டை விட்டான். அந்த ராஜா தூங்க வைத்த ஒரே ஆள் அவன்தான்.

அவனை எழுப்பிவிடாமல், சபை முழுவதும் தலைகுனிந்து அடிமேல் அடிவைத்து வெளியேறியது. கடைசியாகப் போனவர் ராஜா.