மூலையில் நின்றவள்

ராக்கினிக்கு முப்பது வயது. அவளிடம் பாடம் கேட்க வந்தவளுக்கு முப்பத்துமூன்று.

வந்தவள் சுடர்க்கொடி. கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவள். அந்த நாளில் ராக்கினி அவளுக்கு ஜூனியர், பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். பிறகு முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, பயிற்சி கொடுக்க வந்துவிட்டாள். சுடர்க்கொடியோ கல்லூரி முடித்த கையோடு சென்னையில் ஒரு அலுவலக அணியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவளுக்குத்தான் அந்தப் பேர். இப்போது அந்த அணிக்கே ராக்கினி கோச்.

கோச் ஆனாலும் அவள் 'அக்கா' என்று கூப்பிடுவதை விடவில்லை.

பிள்ளை பெற்று எட்டு மாதம் கழித்துச் சுடர்க்கொடி களத்துக்குத் திரும்பியிருந்தாள். மனசு வளையத்தின் அடியில் போய் நின்றால், கால் பாதி வழியில்தான் இருந்தது. புதன்கிழமை பயிற்சியில் மெர்லின் அவள் கையிலிருந்து மூன்று தடவை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். மெர்லினுக்கு இருபத்தொரு வயது. அவளும் கார்டுதான்.

சாயங்காலம் சுடர்க்கொடி ஒரு லெட்டரை நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"அணியிலிருந்து விலகிக்கிறேன்னு எழுதியிருக்கேன். சனிக்கிழமை டீம் லிஸ்ட் போகுதுல்ல? நீயா என் பேரை அடிக்கிறதுக்கு உனக்குச் சங்கடம். நானே போயிடறேன்."

ராக்கினி லெட்டரை வாங்கவில்லை.

"ஓட முடியாதவ கார்டா, சொல்லு" என்றாள் சுடர்க்கொடி.

"நாளைக்குச் சொல்றேன். லெட்டரை அப்போ குடுங்க."

மறுநாள் காலை சுடர்க்கொடி வந்தபோது கூடவே கணவன் தவசியும் வந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி ஓரம் நின்றான். பால் புட்டி, மாற்றுத் துணியோடு லெட்டரும் பைக்குள் இருந்தது.

ராக்கினி ஆட்களை இரண்டாகப் பிரித்தாள். மெர்லின் பக்கம் வேகமான நாலு பேர். சுடர்க்கொடி பக்கம் கனகாவும், போன மாதம் சேர்ந்த மூன்று பேரும். பத்து நிமிஷ ஆட்டம்.

பிறகு சுடர்க்கொடியைத் தனியாக அழைத்துக் காதோடு சொன்னாள்.

"நீங்க பந்தைத் தொடக் கூடாது. யார்கிட்டயும் இதைச் சொல்லவும் கூடாது."

"தொடாம என்னடி பண்றது?"

"உள்ளே இருங்க, போதும்."

ஆட்டம் தொடங்கியது. கனகா பந்தை நீட்டினாள். சுடர்க்கொடியின் கை தானாக எழும்பி, பாதியில் இறங்கியது.

"அக்கா, வாங்குங்க."

சுடர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீட்டுல தவசி அண்ணன்கூடச் சண்டைன்னா அதை எங்ககிட்டயா காட்டுறது?" என்று கனகா முனகினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தவசி, "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றான்.

கேட்டுக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. இப்படி அவமானப்படுத்துவதற்கு நேற்றே லெட்டரை வாங்கியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, சுடர்க்கொடி இடது மூலையில் போய் ஒதுங்கி நின்றாள். பின்னாலேயே மெர்லினும் வந்து, அவளை மறித்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் கைதட்டல் கேட்டது. கனகா கூடை போட்டிருந்தாள்.

இடது மூலையில் வெயில் கண்ணில் அடித்தது. சுடர்க்கொடி வலது மூலைக்கு மாறினாள். மெர்லினும் மாறினாள். புதுப்பெண் ஒருத்தி வளையத்தின் அடிவரை நடந்தே போய்ப் பந்தை உள்ளே போட்டாள்.

குழந்தை சிணுங்கியது. சுடர்க்கொடி வேலிப் பக்கம் நாலு எட்டு வைத்து, "பசி இல்லைங்க, தூக்கம். தோள்ல போட்டுத் தட்டுங்க" என்றாள். மெர்லின் அதற்கும் கூடவே வந்தாள். மறுபடியும் கைதட்டல்.

ராக்கினி விசில் ஊதினாள். சுடர்க்கொடி நேரே பையை எடுத்துக்கொண்டு ராக்கினியிடம் போனாள்.

"பத்து நிமிஷம் என்னைப் பொம்மை மாதிரி நிக்க வச்சிட்டே. இதுதான் நீ சொல்ற பதிலா?"

"எத்தனைக்கு எத்தனைன்னு பாத்தீங்களா?"

"நான் எங்கே பாத்தேன்?"

"உங்க பக்கம் பதினாலு. அவங்க எட்டு."

"நான் ஒண்ணுமே பண்ணலையே."

ராக்கினி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மெர்லினைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, நடுவுல அப்படியே திறந்து கிடக்கு. நீ மூலையில போய் என்ன பண்ணிட்டிருந்தே?"

"அக்கா அங்க நின்னாங்களே, கோச்."

"அவங்க ஒரு தடவைகூடப் பந்தைத் தொடலையே."

"ஆமா கோச்."

"நேத்து மூணு தடவை நீயே தட்டிக்கிட்டுப் போனே."

"ஆமா."

"அப்புறம் என்ன பயம்?"

மெர்லின் சுடர்க்கொடியைப் பார்த்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பந்து அவங்க கைக்கு வந்துட்டா?"

வேலி ஓரத்தில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. தட்டுவதை நிறுத்தினால் எழுந்துவிடுமோ என்று தவசி இன்னும் தட்டிக்கொண்டே இருந்தான்.

ராக்கினி சுடர்க்கொடியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"இப்போ குடுங்கக்கா, அந்த லெட்டரை."

சுடர்க்கொடி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.