அவைக்கு வந்த வேணியம்மை

முன்னொரு காலத்தில் ஏரிக்கரையில் ஒரு தலைநகரம் இருந்தது. ஏரியிலிருந்து எழும் பனிமூட்டம் வெயில் ஏறும் வரை அதன் வீதிகளைவிட்டுப் போகாது. காலையில் எதிரே வருபவர் முகம் தெரியுமுன் குரல்தான் கேட்கும். அந்த நாட்டை வீரகேதன் என்ற அரசன் ஆண்டான். அவன் அவையில் மருதநம்பி என்றொரு விகடன் இருந்தான்.

ஒருநாள் அரசன் பல்லக்கில் சந்தைவழியே வந்தபோது இரண்டு வியாபாரிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். "வேணியம்மை சாட்சியா சொல்றேன், எடை சரியாத்தான் போட்டேன்" என்றான் ஒருவன். மற்றவன் உடனே அடங்கிவிட்டான். அரசன் மேல் ஆணையிட்டால்கூட அந்த ஊரில் சண்டை அத்தனை சீக்கிரம் ஓயாது.

வீரகேதனுக்கு அது முள்ளாய்த் தைத்தது. அரண்மனைக்கு வந்ததும், "யார் அந்த வேணியம்மை?" என்று கேட்டான்.

பிரதானி அனந்தபத்மர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். நம்பியின் பேச்சுக்கு அரசன் சிரிக்கும்போதெல்லாம் அவருக்குப் பொறுக்காது. "அரசே, நம் குலவரிசையில் அப்படியொரு அரசி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏரி வற்றிய பஞ்சத்தில், நம்பி படித்துறையில் நின்று கட்டிய கதை அது. தங்கள் குடிகள் இல்லாத ஒருத்திக்கு இன்று அடங்கி நடக்கிறார்கள்."

"உண்மையா?" என்றான் அரசன்.

"உண்மைதான், அரசே" என்றான் நம்பி. "குடத்துக்குக் குடம் மோதி மண்டை உடைந்துகொண்டிருந்த நேரம். பஞ்சத்தில் ஓர் அரசி அரண்மனைக் குளத்தை ஊருக்குத் திறந்துவிட்டாள், தானும் குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்றாள், அவள் முறை வந்தபோது தண்ணீர் தீர்ந்திருந்தது, சிரித்துக்கொண்டே வெறுங்குடத்தோடு திரும்பினாள் என்று சொன்னேன். அன்று கூட்டம் வரிசையில் நின்றது."

"அப்படியானால் எட்டு நாளில் அவளை என் முன் கொண்டு வா. முடியாவிட்டால், அவள் பொய் என்று தெருத்தெருவாக உன் வாயாலேயே சொல்லிவிட்டு நாட்டைவிட்டுப் போ."

பிரதானி விடவில்லை. "ஓவியம், பொம்மை, வேடம் எதுவும் செல்லாது. அவள் கால் இந்தத் தரையில் பட வேண்டும். கை அவையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குரல் அரசர் காதில் விழ வேண்டும்."

நம்பி தலைவணங்கி வெளியே வந்தான். நாடு கடப்பது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. எந்த ஊரிலும் சிரிக்க ஆள் கிடைக்கும். ஆனால் 'அவள் பொய்' என்று படித்துறையில் நின்று சொன்னால் அடுத்த கோடையில் அங்கே மறுபடி குடத்தோடு குடம் மோதும்.

மறுநாள் காலை கால்போன போக்கில் ஏரியைச் சுற்றி நடந்தான். பனிக்குள்ளிருந்து ஒரு கிழவி விந்தி விந்தி வந்தாள். பொன்னாச்சி, மருத்துவச்சி. அக்கரை மீனவக் குடிசையில் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறாளாம்.

"இந்தக் காலோடு அவ்வளவு தூரமா அம்மா?"

"வேணியம்மையும் காலைக் கொஞ்சம் தாங்கித்தானே நடப்பா? அவளே கடைசி ஆளு வரைக்கும் பாத்தா. நான் இந்தத் தூரம் நடந்தா தேஞ்சா போயிருவேன்?"

நம்பி திகைத்து நின்றான். அவன் கட்டிய கதையில் அரசி காலைத் தாங்கி நடக்கவே இல்லை.

மதகடியில் சடையன் என்ற மதகுக் காவலன் கதவைத் திருகிக்கொண்டிருந்தான். தன் வயல் தலைமடையில் இருந்தும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டிய பிறகே தன் வாய்க்காலைத் திறப்பான். "அந்த அம்மா கை பூரா காப்புக் காச்சிருக்குமாம், தெரியுமாய்யா?" என்று தன் உள்ளங்கையைத் தேய்த்தபடி சொன்னான். படித்துறையில் முன்பு தடியால் அடித்துக் கூட்டத்தை விரட்டிய காவலாள் இருளப்பன், இப்போது தடியில்லாமல் நின்று, "முடியாதவங்க முன்னால வாங்க" என்று கூவிக்கொண்டிருந்தான். அரசிக்குத் தன்னைப்போலவே கட்டைக்குரல் என்பது அவன் நம்பிக்கை.

அன்று நண்பகலில் நம்பி ஒரு புங்கமரத்தடியில் கண்ணயர்ந்தான். கனவில் அவள் வந்தாள். தோளில் குடம் இருந்தது, முகம் பனியாய்க் கலைந்துகொண்டிருந்தது. "கூப்பிட்டாயாமே, வருகிறேன். ஆனால் என் காலையும் கையையும் குரலையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்களே, அவர்களிடம் கேள்" என்றாள். நம்பி கண்விழித்தபோது ஏரி மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது.

அந்த எட்டு நாளும் அரசனுக்கும் அவள் நினைவுதான். பொறாமையில், காண்போரிடமெல்லாம் அவளைப் பற்றியே கேட்டான். சமையற்காரர், குதிரைப் பாகர், தோட்டக்காரர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அரசன் முகம் சுளித்துக்கொண்டே கடைசிவரை கேட்டான்.

எட்டாம் நாள் உச்சிவெயிலில் அவை கூடியது. நம்பி மூன்று பேரோடு வந்தான்.

"அரசே, வேணியம்மையின் கால் இதோ தரையில் படுகிறது" என்று பொன்னாச்சியைக் காட்டினான். "கை இதோ" என்று சடையனின் காய்த்த உள்ளங்கையை உயர்த்தினான். "இருளப்பா, உன் வாயால் சொல்."

"முடியாதவங்க முன்னால வாங்க" என்றான் இருளப்பன். அவையின் தூண்களில் அது எதிரொலித்தது.

பிரதானி நகைத்தார். "இவை இவர்களுடைய உறுப்புகள் அல்லவா?"

"என் காலா இருந்தா எப்பவோ வீட்டுல மடக்கிப் போட்டிருப்பேன் சாமி" என்றாள் பொன்னாச்சி. "அக்கரைக்கு நடக்கறது அவ காலுதான்."

அரசன் முகவாயைத் தடவினான். "நிபந்தனை நிறைவேறியது போலத்தான் இருக்கிறது. ஆனால் முகம் எங்கே, நம்பி? முகம் பார்க்காமல் ஒருத்தி வந்தாள் என்று நான் எப்படி ஏற்பது?"

எட்டு நாளும் நம்பி அஞ்சியது இந்தக் கேள்விக்குத்தான். பிரதானி மீசையை நீவினார்.

அப்போது பணியாள் வழக்கம்போல் வெள்ளிக் குவளையில் அரசனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அரசன் கை நீட்டினான். காலையிலிருந்து ஏரியைச் சுற்றி நடந்துவந்த பொன்னாச்சி தள்ளாடித் தூணைப் பிடித்தாள். நீட்டிய கை நின்றது.

"முதலில் அந்த அம்மாவுக்குக் கொடு" என்றான் அரசன்.

அவள் குடிக்கும் வரை கவலையோடு பார்த்திருந்தான். குவளை காலியானது. அரசன் அந்த வெறுங்குவளையைக் கண்டு லேசாகப் புன்னகைத்தான்.

நம்பி நிமிர்ந்து பார்த்தான். கனவில் கலைந்துகொண்டிருந்த முகம் இப்போது கலையாமல் சிம்மாசனத்தில் இருந்தது.

"அரசே, கொஞ்சம் அப்படியே இருங்கள்" என்றான் தாழ்ந்த குரலில். "முகமும் வந்துவிட்டது. அவையோரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அரசனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தான். "பன்னிரண்டு ஆண்டாக ஒரு பொய்யைச் சொல்லி என் நாட்டை நீ ஆண்டிருக்கிறாய், நம்பி."

"நான் ஆளவில்லை, அரசே. அவளை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தேன், அவ்வளவுதான். பிறகு அவளை வளர்த்தது ஊர். ஊரை வளர்த்தது அவள்."

அரசன் இறங்கிவந்து தன் பட்டுச் சால்வையை அவன் தோளில் போர்த்தினான். "என் ஆணையைத் திரும்பப் பெற்றேன். இனி இந்த அவையிலும் அவள் சாட்சி செல்லும்."

அரசன் சிம்மாசனத்துக்குத் திரும்ப, அவை கலைந்தது. பிரதானி முகம் கறுத்து வாசலுக்கு விரைந்தார். அதே நேரம் பொன்னாச்சியும் விந்தியபடி அங்கே வந்து சேர்ந்தாள். பிரதானி நின்றார், ஒதுங்கினார், "நீங்கள் முன்னால் போங்கள் அம்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான் அரசன்.