ஏழாம் படுக்கை வாசகர்

“நான் ஒரு பொய்கூட எழுதலையே, டாக்டர்!”

நியாயம் கேட்க வந்தவர்போல நின்றார் பரஞ்சோதி. நாளிதழில் வாராவாரம் நலப் பக்கம் எழுதுகிறவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று அவருக்குச் சொல்லித் தந்தவர் டாக்டர் ஆயிஷா. பன்னிரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் பரஞ்சோதிக்கு அவரே குரு.

‘சர்க்கரையை விரட்டும் கிரீன் டீ!’ என்ற பரஞ்சோதியின் கட்டுரையைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்திய ஒருவர் மயங்கி விழுந்து, ஆயிஷா வேலை பார்க்கும் இதே ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“ஆராய்ச்சியில சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சதா இருக்குதானே?”

“இருக்கு.”

“மாத்திரையை நிறுத்துங்கன்னு எழுதினேனா?”

“இல்லை.”

“அப்புறம் என்மேல என்ன தப்பு?”

ஆயிஷா மாத்திரை இருந்த சின்னக் கிண்ணத்தை அவர் கையில் வைத்தார்.

“ஏழாம் பெட். நான் சொல்லியும் போட மாட்டேங்கிறார். நர்ஸ் கூட வருவாங்க. நீங்க குடுங்க.”

நர்ஸ் பரஞ்சோதியின் பெயரைச் சொன்னதும், ஏழாம் படுக்கையில் கிடந்த சுடலைமுத்து தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்.

“சார், நீங்களா! ஒங்க பக்கத்தத்தான் மொதல்ல படிப்பேன். நீங்க எழுதித்தான் பீடிய விட்டேன். ரெண்டு வருசம் ஆவுது. ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்ல?”

பரஞ்சோதி கிண்ணத்தோடு அப்படியே நின்றார். திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்குக் கும்பிடு கிடைத்தால் என்ன செய்வார்?

சுடலைமுத்து தலையணைக்கு அடியிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்தார்.

“இதையும் அப்படியேதான் செஞ்சேன். நாலு டம்ளர் பத்தல போல. இனி எட்டாக் குடிக்கட்டுமா, சார்?”

துண்டில் தலைப்புதான் பாதி இடத்தை அடைத்திருந்தது.

நல்லவேளை, இந்த மனுஷன் பிழைத்துக் கிடக்கிறாரே என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டார். அந்த நன்றியை யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

“இதுல கடைசியா இன்னொரு வரி எழுதியிருந்தேன், அண்ணாச்சி. தலைப்பைப் பெரிசாக்க இடம் பத்தலைன்னு நானே எடுத்துட்டேன்.”

“என்ன வரி?”

“என்ன குடிச்சாலும் மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்கன்னு.”

சுடலைமுத்து கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

“அதையில்ல சார் பெரிசாப் போட்டிருக்கணும்!”