உச்சிக்கிளையின் மூன்று பழங்கள்

கொரியா நாட்டு மலையடியில் ஒரு குளம். அதன் கரையில் ஒரு காம் மரம். தக்காளி போலச் சிவந்து தொங்கும் அந்த மரத்துப் பழங்களைக் காட்டில் யாரும் தின்னலாம். உச்சிக்கிளையில் இருக்கும் கடைசி மூன்றை மட்டும் தொடக் கூடாது. பனிக்காலத்தில் பசியோடு வரும் வெளியூர்ப் பறவைகளுக்காக விட்டுவைத்தவை அவை.

அந்த விருந்தாளிகளை வரவேற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அணில் தோரிக்கு அந்த வேலைமேல் கொள்ளை ஆசை!

"வர்றவங்க இங்கிலீஷ்தான் பேசுவாங்க," என்றது குளத்தின் தலைவியான கொக்கு மிஞ்சா. "நம்ம ஊர் விதியை அவங்களுக்கு நீதான் சொல்லணும். 'வயலேட்'னு ஒரு வார்த்தை இருக்கு. விதியை மீறுறதுன்னு அர்த்தம். நாளைக்கு முதல் விருந்தாளி முன்னாடி அதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு. சரியாச் சொன்னா வேலை உனக்கு!"

"பூ, இவ்வளவுதானாக்கா!" என்றது தோரி.

அந்தக் காட்டில் படிப்பு என்றால் எழுதுவதுதான். பாறை முழுக்கக் கறுக்கும்வரை கரியால் எழுதித் தீர்ப்பார்கள். தோரியும் கரித்துண்டை எடுத்தது. பத்து முறை எழுதினால் ஒரு பழம் என்று தனக்குத்தானே பரிசும் வைத்துக்கொண்டது. படிக்கிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டாமா?

மரத்தில் மீந்திருந்தவை எட்டே பழங்கள். தோரி எழுதியது, தின்றது. மறுபடி எழுதியது, மறுபடி தின்றது. எண்பது முறை எழுதி முடித்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி நிம்மதியாகத் தூங்கிப்போனது.

காலையில் ஒரு சின்னக் குருவி கடல் தாண்டி வந்து இறங்கியது. குளிரில் அதன் சிறகு வெடவெடத்தது. மரத்தை அண்ணாந்து பார்த்து, "உச்சியில பழம் இருக்கும்னு சொன்னாங்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

தோரியும் அண்ணாந்து பார்த்தது. மொட்டைக் கிளை! நேற்றுத் தின்ற எட்டில் அந்த மூன்றும் அடக்கம்!

"என்ன தோரி, எங்கே உன் வாக்கியம்?" என்றது மிஞ்சா.

பழியைத் தூக்கிக் காட்டில் திரியும் நரிமேல் போட்டுவிடலாமா? நரியின் பெயர் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் குருவியின் வாடிய முகத்தைப் பார்த்ததும் தோரியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விதியை வயலேட் செய்தது நான்தான்!" என்று பிசகில்லாத ஆங்கிலத்தில் சொல்லி, ஓவென்று அழுதது.

பிறகு தன் பொந்துக்கு ஓடியது. பனிக்காலத்துக்குச் சேர்த்திருந்த கொட்டைகளை வாரிவந்து, ஒவ்வொன்றாக உடைத்துக் குருவிக்குக் கொடுத்தது. குருவி மடமடவென்று தின்றது.

மிஞ்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாக்கியம் சரி. வேலை உனக்குத்தான். ஆனா இந்தப் பனிக்காலம் முழுக்க விருந்தாளிங்க சாப்பாடு உன் பொந்திலேர்ந்துதான்!"

"சரிக்கா!" என்றது தோரி, கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்த கடைசிக் கொட்டையையும் துப்பிக் கொடுத்தபடி.

ஒரு சொல்லை எண்பது முறை எழுதினாலும், அதன் பொருள் நம் நடத்தையில் தெரிந்தால்தான் அதைக் கற்றதாக அர்த்தம்.