இலைக்குள் கூப்பிட்ட குரல்

கோத்தகிரிக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஓர் ஊரில் மரகதவல்லி என்றொரு குருவம்மா இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் மாசிலாமணிக்கோ அறுபது தாண்டிவிட்டது. மனைவி குணவதி செத்த துக்கம் தாளாமல் மலையேறி வந்தவர். ஞானம் கேட்டு வந்த மனிதரிடம் குருவம்மா கொல்லையிலிருந்த காலிபிளவர் பாத்தியை ஒப்படைத்துவிட்டார்.

"பூ வைக்க ஆரம்பிச்சதும் சுத்தி இருக்கிற இலையை மேல சேர்த்துக் கட்டிடுங்க பெரியவரே. வெயில் பட்டா பூ மஞ்சளாயிடும்."

வாழைநாரோடு போனவருக்குக் கை ஓடவில்லை. குணவதி போன அன்று, வாய் திறந்துகொள்ளாமலிருக்க அவள் தாடையைச் சேர்த்துத் துணி கட்டியவர் அவர்தான். கட்டும்போது உதடு அசைந்ததுபோல ஒரு நினைப்பு. அவள் என்ன சொல்ல வந்தாளோ என்று அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

இருந்தாலும் கட்டினார்.

மேகம் இறங்கிய ஒரு மத்தியானம், கட்டிய இலைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சன்னமாக, வாய்க்குள்ளேயே முனகுகிற மாதிரி. மாசிலாமணி குருவம்மாவைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னார்.

"பூ பெருசாகும்போது இலையோட உரசும். காத்து அடங்கினா கேக்கும்" என்றார் குருவம்மா.

"உரசல் இல்லம்மா. பேச்சு."

ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று பூ, சத்தம் நின்றுவிட்டது. மறுபடி கட்டினார். மறுபடி முனகியது. அதற்கப்புறம் அவர் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. பாத்தி நடுவில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அறுக்கும் பதம் வந்தது. குருவம்மா கத்தியை நீட்டினார்.

"இன்னும் விட்டா பூ விரிஞ்சு வீணாயிடும்."

"அறுக்க மாட்டேன். அவ வாயை ஒரு தரம் கட்டினதே போதும்."

குருவம்மா வற்புறுத்தவில்லை.

அந்தக் கொல்லைக்கு வேலி கிடையாது. பாத்தி முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடும். கீழே பள்ளம் முழுக்க மேகம். மறுநாள் மாசிலாமணி கடைசிச் செடியையும் தாண்டிப் போய் விளிம்பில் நின்றார். பயமே இல்லை. தனக்கா பயமில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" பின்னாலிருந்து குருவம்மாவின் குரல்.

"அவ கூப்பிடுறாம்மா. அவகிட்ட போகணும்."

"நல்லாக் கேட்டுதா?"

"இத்தனை நாளும் வெறும் முனகல். இன்னைக்கு வார்த்தையே வந்துடுச்சு."

"என்னன்னு கூப்பிடுறாங்க?"

"'மாசிலாமணி, வா'ன்னு."

குருவம்மா பாத்தி ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"'ஏங்க'ம்பா. கோவம்னா 'இந்தா பாருங்க'ம்பா." மாசிலாமணிக்குச் சிரிப்புகூட வந்தது. "பேர் சொல்லவே மாட்டாம்மா. ரேஷன் கடையில புருஷன் பேர் என்னன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொல்லுவா. சாகிற வரைக்கும் ஒரு தரம்கூட அவ வாயால..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

மேகம் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாத்தியிலிருந்து அந்தக் குரல் திரும்பவும் வந்தது. சந்தேகமே இல்லை, அவர் பேர்தான்.

குருவம்மா கேட்டார்:

"அப்போ, கூப்பிடுறது யாரு?"